மலை வீட்டு எல்இடி விளக்குக்கு எந்த டிம்மர்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளிலும் ஸ்விட்ச் போர்டு சமவெளி வீட்டுக் கணக்கில்தான் வருகிறது. நாலு ஸ்விட்ச், ஒரு பிளக், ஒரு ஃபேன் ரெகுலேட்டர். மலையில் பல அறைகளில் ஃபேனே மாட்டுவதில்லை. ரெகுலேட்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். "இதையே லைட்டுக்குக் கொடுத்துவிடலாமே" என்று யாராவது வயரை மாற்றிவிடுவார்கள். அன்று இரவே பல்பு படபடக்கத் தொடங்கும்.

காரணம் எளிது. இப்போது விற்கும் ஸ்டெப் ரெகுலேட்டருக்குள் இருப்பவை சில மின்தேக்கிகள். 75 வாட் ஃபேன் இழுக்கிற கரண்டை அவை கட்டுப்படுத்தும். 9 வாட் பல்பு இழுக்கிற கொஞ்சக் கரண்டுக்கு அவை பெரிய தடையே இல்லை. அதனால் 1-ல் வைத்தாலும் 4-ல் வைத்தாலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான், இல்லையென்றால் சிமிட்டும். குமிழைத் திருகுகிற பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் உள்ளுக்குள் ஒருவகை டிம்மர்தான் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி), ஆனால் அது எல்இடிக்காகச் செய்தது இல்லை. அந்தக் காலி இடத்தில் டிம்மர் போடுவது நல்ல யோசனை. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, எல்இடிக்கென்று செய்த டிம்மரைப் போடுங்கள்.

ஆனால் கடையில் போய் முதலில் டிம்மரைக் கேட்காதீர்கள். முதலில் விளக்கு, அடுத்து அதன் டிரைவர் (எல்இடிக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற பாகம்), பிறகு டிம்மர் என்ற வரிசையில் வாங்குங்கள். கடைசியில் இவை உங்கள் வீட்டுக் கரண்டிலும் இன்வெர்ட்டரிலும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மலையில் அந்தக் கடைசிப் படியைத் தவிர்த்தால் செலவு இரட்டிப்பாகும்.

பல்பு டிம் ஆகுமா?

பெட்டியில் "டிம்மபிள்" என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஒன்றும் போடவில்லை என்றால் ஆகாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் குமிழ் படத்தின் குறுக்கே ஒரு கோடு இருக்கும், அதற்கும் ஆகாது என்றுதான் பொருள். கடைக்காரர் "எல்லாத்துலயும் ஓடும் சார்" என்று சொன்னாலும் பெட்டி சொல்வதை நம்புங்கள். வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிற சாதாரண 9 வாட் பின் ஹோல்டர் பல்புகளில் மிகப் பெரும்பாலானவை டிம் ஆகாதவை.

ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பல்பின் பால்வெள்ளை மூடிக்குக் கீழே வட்டமான அலுமினியத் தகடு ஒன்று, அதன்மேல் மஞ்சள் பொட்டுகளாக எல்இடிகள். தகட்டின் மேலேயோ அடியிலோ விரல்நக அளவில் ஒரு சில்லும், உருளை வடிவில் ஒரு மின்தேக்கியும் இருக்கும். இதுதான் டிரைவர். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் எல்இடிக்குப் போகிற கரண்டை மாறாமல் வைத்திருப்பது அதன் வேலை. டிம்மர் கரண்டின் அலையில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தால், "வோல்டேஜ் குறைந்துவிட்டது, ஈடுகட்ட வேண்டும்" என்று அது போராடும். ஓர் எல்லை வரை வெளிச்சம் குறையாது, பிறகு திடீரென்று சிமிட்டும், ரீங்கரிக்கும், சூடாகும். அப்படியே ஓட விட்டால் ஆயுள் சுருங்கிச் செத்துப்போகும். டிம்மபிள் பல்பின் டிரைவர், அலை எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்பதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு கரண்டைக் குறைக்கும்.

இதில் மலைக்காரர்களுக்கு ஒரு முரண் உண்டு. லோ வோல்டேஜ் தொந்தரவு இருக்கிற வீடுகளில் "100–300 வோல்ட்" என்று போட்ட பல்பைத் தேடி வாங்குகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பரந்த வோல்டேஜைத் தாங்குகிற குணமும் டிம் ஆகிற குணமும் பெரும்பாலும் ஒரே பல்பில் அமைவதில்லை. டிம்மபிள் பல்பில் பொதுவாக 220–240 வோல்ட் என்றே இருக்கும். லைன் கடைசியில் இருக்கிற வீட்டில் மாலை நேரத்தில் 190-க்குக் கீழே இறங்குகிறது என்றால், டிம்மபிள் பல்பு தானாகவே மங்கும், குறைந்த வெளிச்சத்தில் வைத்திருந்தால் அணைந்தும் போகலாம். அதனால் டிம்மர் ஆசைக்கு முன்னால் ஒரு மல்ட்டிமீட்டரில் மாலை 6 முதல் 9 மணி வரை நாலைந்து முறை வோல்டேஜைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 210-க்கு மேல் நிற்கிற வீட்டில் டிம்மர் நிம்மதியாக ஓடும். 200-க்குக் கீழே அடிக்கடி போகிறது என்றால் முதலில் லைனைச் சரிசெய்யக் கேளுங்கள். ரிலே வகை ஸ்டெபிலைசர் அரைத் தீர்வுதான், அது படி மாறுகிற ஒவ்வொரு தடவையும் டிம் செய்த விளக்கில் ஒரு துள்ளல் தெரியும்.

டிம்மபிள் பல்பு எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்காது. நீலகிரிக்காரர்கள் கோவையிலும், கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல் அல்லது மதுரையிலும் விசாரித்தால் கிடைக்கும், ஆன்லைனிலும் வரும். எங்கே வாங்கினாலும் முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள்.

காட்டேஜ்களில் பிரபலமான கண்ணாடிக் குண்டு, உள்ளே இழை தெரிகிற எல்இடி பல்புக்கும் இதே விதிதான். அதிலும் டிம் ஆகாத வகையில் சிமிட்டல் நேராகக் கண்ணில் குத்தும், மறைக்கப் பால்மூடி இல்லையே. ட்யூப் வடிவ எல்இடி பேட்டனை டிம்மர் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம்.

சீலிங் லைட் என்றால் டிரைவர் லேபிளைப் படியுங்கள்

ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்கிற வட்ட, சதுர லைட்டுகளில் டிரைவர் தனி டப்பாவாக வயரில் தொங்கும். இது வசதி. லைட்டை மாற்றாமல் டிரைவரை மட்டும் டிம்மபிளாக மாற்றிவிடலாம். ஆனால் எண்கள் பொருந்த வேண்டும்.

டப்பாவின் முதுகில் இரண்டு வரி இருக்கும். உள்ளீடு: ஏசி 100–300 வோல்ட். வெளியீடு: டிசி 24–42 வோல்ட், 300 மில்லியாம்ப். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது வரி. 12 வாட் லைட் ஒன்று 40 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் இழுத்தால் கணக்கு சரியாக 12 வாட். புதிய டிம்மபிள் டிரைவரும் அதே 300 மில்லியாம்ப் தர வேண்டும், அந்த 40 வோல்ட் அதன் வெளியீட்டு வரம்புக்குள் விழ வேண்டும். "வாட் ஒன்றுதானே" என்று 600 மில்லியாம்ப் டிரைவரை மாட்டினால் லைட் முதலில் கண் கூசுகிற மாதிரி எரியும், பிறகு எல்இடிகள் ஒவ்வொன்றாகக் கருகும். அதேபோல் 20 வோல்ட்டில் ஓடுகிற 6 வாட் லைட்டுக்கு 24–42 வோல்ட் டிரைவர் போட்டால் அது ஒழுங்காகத் தொடங்காது. பிளஸ், மைனஸ் மாறாமல் இணைப்பதும் முக்கியம். மாற்றிப்போட்டால் லைட் எரியாது.

லேபிளில் டிம்மிங் முறையும் எழுதியிருக்கும். சுவர் டிம்மரோடு ஓட வேண்டுமானால் "ட்ரயாக்" அல்லது "பேஸ் கட்" என்று இருக்க வேண்டும். "0–10 வோல்ட்" என்றோ "டாலி" என்றோ இருந்தால் அது அலுவலகம், ஹோட்டல்களுக்கான வேறு ஏற்பாடு. அதற்குத் தனியாகக் கட்டுப்பாட்டு வயர் இழுக்க வேண்டும், வீட்டுச் சுவர் டிம்மர் அதில் வேலை செய்யாது.

அலையின் முன்பக்கமா, பின்பக்கமா?

நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 அரை அலைகள், ஒவ்வொன்றும் 10 மில்லிநொடி. எல்லாச் சுவர் டிம்மரும் ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு துண்டை வெட்டி எறிகிறது. எந்தப் பக்கம் வெட்டுகிறது என்பதில்தான் பொருத்தம் அடங்கியிருக்கிறது.

லீடிங் எட்ஜ் வகை, அலையின் முன்பக்கத்தை வெட்டும். உள்ளே ட்ரயாக் என்ற பாகம் இருக்கும். பாதி வெளிச்சத்தில் வைத்தால் 5 மில்லிநொடி ஒன்றுமே போகாது. பிறகு சட்டென்று அலையின் உச்சத்தில் திறக்கும், பூஜ்யத்திலிருந்து சுமார் 325 வோல்ட்டுக்கு ஒரே பாய்ச்சல். குண்டு பல்பின் இழைக்கு இதில் கவலை இல்லை. எல்இடி டிரைவருக்குள் இருக்கிற மின்தேக்கியோ அந்தப் பாய்ச்சலில் ஒரு மடக்குக் கரண்டை விழுங்கும். நொடிக்கு 100 தடவை விழுங்கினால் வருவதுதான் அந்த "ஙொய்" சத்தம்.

ட்ரெய்லிங் எட்ஜ் வகை பின்பக்கத்தை வெட்டும். அலை பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏறும்போது கூடவே திறந்திருந்து, பாதியில் மூடிக்கொள்ளும். பாய்ச்சல் இல்லை, சத்தம் குறைவு, டிரைவருக்கு நிம்மதி. வீட்டு எல்இடிக்கு இதைத்தான் வாங்கச் சொல்வோம். விலை கூடுதல்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டிம்மரின் பின்புறம் பொடி எழுத்துகளில் வகை இருக்கும். ஆங்கில ஆர், எல் எழுத்துகள் மட்டும் இருந்தால் லீடிங் எட்ஜ். ஆர், சி இருந்தால் ட்ரெய்லிங் எட்ஜ். மூன்றும் இருந்தால் இரண்டு வேலையும் செய்கிற வகை, அதில் எந்த முறை என்று நாமே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டியிருக்கலாம். லீடிங் எட்ஜ் தேவைப்படுகிற இடம் ஒன்று உண்டு: பழைய இரும்புக் கருவாலான டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுகிற 12 வோல்ட் குட்டி விளக்குகள். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மரை இணைக்கக் கூடாது. வெட்டுகிற நொடியில் சுருள் திருப்பி உதைக்கிற வோல்டேஜில் டிம்மர் போய்விடும்.

ஒரு சின்னச் செய்தி. லீடிங் எட்ஜ் டிம்மர் பக்கத்தில் இருந்தால் மத்திய அலை ரேடியோவில் இரைச்சல் கேட்கும். கொடைக்கானல் பண்பலை மாதிரி எஃப்எம் கேட்பவர்களுக்கு அந்தத் தொல்லை அநேகமாக இருக்காது.

வாட் கணக்கில் இரண்டு பக்கமும் இடறும்

டிம்மரில் "400 வாட்" என்று பார்த்ததும் 80 வாட் எல்இடிக்கு ஏராளம் என்று தோன்றும். அந்த 400 குண்டு பல்புக்கான எண். எல்இடிக்குத் தனி எண் அச்சிட்டிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பத்தில் ஒரு பங்கு என்பது தொழிலில் பின்பற்றுகிற பாதுகாப்பான கணக்கு, அதாவது 400 வாட் டிம்மருக்கு 40 வாட் எல்இடி. மேலே சொன்ன மடக்குக் கரண்டைத் தாங்குவதற்காகத்தான் இந்தக் குறைப்பு.

மறுபக்கம் குறைந்தபட்ச லோடு. பழைய குமிழ் டிம்மரில் "60–400 வாட்" என்று இருக்கும். நாலு 9 வாட் பல்பு சேர்ந்தாலும் 36 வாட்தான், 60-ஐத் தொடவில்லை. ட்ரயாக் ஒருமுறை திறந்தால் திறந்தபடியே இருக்க, அதன் வழியே ஓரளவு கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வகையைப் பொறுத்து 10 முதல் 50 மில்லியாம்ப் வரை. ஒரு 9 வாட் பல்பு முழு வெளிச்சத்திலேயே இழுப்பது சுமார் 40 மில்லியாம்ப். குறைத்து வைத்தால் இன்னும் கீழே. பிடி விட்டுப் போய், மறுபடி திறந்து, மறுபடி விட்டுப்போகும். கண்ணுக்கு அது சிமிட்டலாகத் தெரியும்.

குன்னூரில் ஒரு ஹாலில் எட்டு 10 வாட் சீலிங் லைட் என்று வையுங்கள். மொத்தம் 80. எல்இடிக்கு 5–100 வாட் என்று போட்ட ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மர் பொருந்தும், மேலே 20 வாட் இடைவெளியும் இருக்கிறது. பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்டில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதம்) 0.5 உள்ள மலிவான லைட் என்றால் அதே 80 வாட் டிம்மருக்கு 160 ஆகக் கனக்கும். லேபிளில் 0.9-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். அதே வீட்டுப் படுக்கையறையில் ஒற்றை 7 வாட் பல்பு மட்டும்தான் என்றால், குறைந்தபட்சம் 5 வாட் என்று எழுதியதை மட்டுமே வாங்க வேண்டும், 10 என்றிருந்தால் ஆகாது.

ஒரே டிம்மரில் வெவ்வேறு கம்பெனிப் பல்புகளைக் கலக்காதீர்கள். ஒன்று 20 சதவீதத்தில் அணையும், இன்னொன்று 5 சதவீதம் வரை எரியும், மூன்றாவது ரீங்கரிக்கும்.

இன்னொரு எண்: எவ்வளவு கீழே இறங்கும் என்பது. "10 சதவீதம் வரை" என்று போட்டிருந்தால் அது மீட்டர் காட்டுகிற அளவு. நம் கண் அதை மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமாகப் பார்க்கும். ஹாலுக்கு அது போதும். கைக்குழந்தை தூங்குகிற அறைக்கு 1 சதவீதம் வரை இறங்குகிற பல்பும் டிம்மரும் வேண்டும், அப்போதுதான் கண்ணுக்குப் பத்தில் ஒரு பங்காகத் தெரியும். எல்இடி மங்கும்போது குண்டு பல்பைப் போலச் சிவந்து இதமாகாது, 6500 கெல்வின் வெள்ளை மங்கினால் சாம்பல் பூத்தது போலத்தான் இருக்கும். மூடுபனி சன்னலில் அப்பிக்கிடக்கிற ஊரில் 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் ஒளி, வாங்குவதே நல்லது. "வார்ம் டிம்" என்று போட்ட பல்பு மங்க மங்க இன்னும் பொன்னிறமாகும்.

மலையின் கரண்டும் குளிரும்

பைக்காராவும் குந்தாவும் மின்சாரம் தருகிற மலையில்தான், மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்து மணிக்கணக்கில் இருட்டில் உட்கார்கிறோம். அதனால் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. டிம்மர் வாங்குமுன் அந்த இன்வெர்ட்டர் சைன் வேவா, ஸ்கொயர் வேவா என்று பாருங்கள்.

அலை பூஜ்யத்தைக் கடக்கிற நொடியிலிருந்துதான் டிம்மர் நேரம் எண்ணத் தொடங்குகிறது. சைன் அலை மேடு போல ஏறி இறங்கும். ஸ்கொயர் வேவ் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். அந்தச் செங்குத்தில் ட்ரயாக் வேண்டாத நேரத்தில் திறந்துகொள்ளும். ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மரின் மெதுவான தொடக்கம் என்ற நன்மையும் போய்விடும். லைட் இரையும், டிம்மர் சூடாகும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பயமில்லை. ஸ்கொயர் வேவ் என்றால் டிம்மர் லைனை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்துவிட்டு, அதே அறையில் டிம்மர் இல்லாத சாதாரணப் பல்பு ஒன்றை இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது, டிம்மர் அப்போதும் வழியில்தான் இருக்கிறது.

கரண்ட் அடிக்கடி போய்வருகிற இடத்தில் தொடு டிம்மரை விடக் குமிழ் டிம்மரே எங்கள் தேர்வு. குமிழ் வைத்த இடத்திலேயே நிற்கும். தொடு டிம்மரில் நினைவு வசதி இல்லாவிட்டால், கரண்ட் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும் அல்லது அணைந்தே கிடக்கும். ஸ்விட்ச்சை அணைத்து அணைத்துப் போட்டால் மூன்று படியாக வெளிச்சம் மாறுகிற பல்புகள் உண்டு, டிம்மரே தேவையில்லை, பழைய வயரிங் வீட்டுக்கு மலிவான வழி. ஆனால் லைன் ஒரு நொடி வெட்டினால் அதையும் ஸ்விட்ச் போட்டதாக நினைத்துப் படி மாறிக்கொள்ளும்.

கோடை மழை இடியோடு வரும். டிம்மருக்குள் இருக்கிற பாகங்கள் மின்னல் எழுப்புகிற வோல்டேஜ் அலையைத் தாங்காது. மெயின் போர்டில் டைப் 2 சர்ஜ் பாதுகாப்புக் கருவி போடுவது நல்லது, ஆனால் எர்த் சரியாக இருந்தால்தான் அதனால் பயன். பாறை மேல் கட்டிய வீட்டில் எர்த்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், குழி தோண்டிக் கம்பி இறக்கியதோடு விட்டுவிடாதீர்கள்.

ஈரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெளிச்சுவரில், அதுவும் கல் சுவரில் பதித்த இரும்புப் பெட்டி இரவில் சில்லென்று ஆகும். உள்ளே கணப்பு எரிகிறது, கீசர் ஆவி, சமையல் ஆவி. அந்த வெதுவெதுப்பான காற்று போர்டின் இடுக்கு வழியாகப் புகுந்து குளிர்ந்த பெட்டியில் நீர்த்துளியாகும். சாதாரண ஸ்விட்ச் அதைப் பொறுக்கும். டிம்மரின் சர்க்யூட் தகடு பொறுக்காது, கசிவுப் பாதை உண்டாகி அணைத்த பிறகும் பல்பு மினுங்கும். டிம்மரை உள்சுவர் போர்டில் வையுங்கள். வழியே இல்லையென்றால் பிளாஸ்டிக் பெட்டி போட்டு, வயர் வருகிற குழாயின் வாயைச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள்.

உயரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மின்கருவிகளின் காற்று இடைவெளிகளைப் பொதுவாக 2000 மீட்டர் உயரம் வரைக்கும் கணக்கிட்டு வைக்கிறார்கள், 3000 மீட்டருக்கு அது 1.14 மடங்கு வேண்டும். ஊட்டி சுமார் 2240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2130. வித்தியாசம் சொற்பம். மெல்லிய காற்று சூட்டைக் கொஞ்சம் குறைவாகக் கடத்தும் என்றாலும், இந்த ஊர்க் குளிர் அதைத் தாராளமாக ஈடுகட்டிவிடும்.

மாட்டும்போது

உரிமம் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். மெயினை இறக்கினால் மட்டும் போதாது. லைட் லைன் இன்வெர்ட்டரில் இருக்கிறது, மெயின் போன அதே நொடியில் இன்வெர்ட்டர் அதற்கு 230 வோல்ட்டைக் கொடுத்துவிடும். இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டுத்தான் போர்டில் கை வைக்க வேண்டும்.

பழைய பங்களாக்களில் மரப்பட்டையில் ஓடுகிற வயரிங், கிட்கேட் ஃப்யூஸ், உருண்டை மரக்கட்டையில் மாட்டிய கறுப்பு ஸ்விட்ச் எல்லாம் இன்னும் இருக்கின்றன. அங்கே மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஸ்விட்ச்சுக்குப் பேஸ்தான் வருகிறதா, நியூட்ரலா? நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருந்தால் டிம்மரைத் தொடுவதற்கு முன் அதை மாற்றுங்கள். எர்த் வயர் இருக்கிறதா? வயரின் ரப்பர் உறை வளைத்தால் பொடிப்பொடியாக உதிர்கிறதா? உதிர்ந்தால் டிம்மர் யோசனையை ஒத்திவைத்து வயரை மாற்றுங்கள். மரக் கூரைக்கு அடியில் அந்த வயரை இன்னும் ஒரு நாள் விட்டுவைப்பதுகூடத் தவறு.

நம் ஊர்ப் போர்டில் ஒரு நல்ல வசதி: பிளக் பாயின்ட்டும் அதே போர்டில் இருப்பதால் நியூட்ரல் அநேகமாக அங்கேயே கிடைக்கும். அப்படிக் கிடைத்தால் நியூட்ரல் முனை உள்ள டிம்மரை வாங்குங்கள். இரண்டு வயர் டிம்மர் தனக்கு வேண்டிய கரண்டைப் பல்பு வழியாகவே எடுக்கிறது, குறைந்த லோடில் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த நியூட்ரல் லைட் லைனின் நியூட்ரலா என்று பாருங்கள். பிளக் நேர் மெயினிலும் லைட் இன்வெர்ட்டரிலும் இருந்தால் இரண்டு நியூட்ரலையும் கலக்கக் கூடாது.

மாடுலர் டிம்மர் உங்கள் போர்டின் அதே கம்பெனி, அதே வரிசையாக இருக்க வேண்டும், ஒன்றின் மாடுல் இன்னொன்றின் பிளேட்டில் பொதுவாக உட்காராது. இரண்டு டிம்மர் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் நடுவே ஒரு வெற்று மாடுல் விடுங்கள். படிக்கட்டு லைட்டுக்கு இரு முனையிலும் டிம்மர் போட முடியாது, ஒரு முனையில் டூ-வே வசதி உள்ள டிம்மர், மறு முனையில் சாதாரண டூ-வே ஸ்விட்ச்.

மாட்டியதும் குறைந்தபட்ச வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். பல டிம்மரில் முகப்பைக் கழற்றினால் குட்டித் திருகு ஒன்று இருக்கும். பகலில் செய்யாதீர்கள். லோ வோல்டேஜ் வருகிற மாலை நேரத்தில், பல்பு ஒரு மணி நேரமாவது அணைந்து ஆறிக் கிடந்த பிறகு செய்யுங்கள். குமிழைக் கடைசி வரை குறைத்து ஸ்விட்ச்சைப் போடுங்கள். எல்லா விளக்கும் தயங்காமல் எரிகிறதா? ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் திருகை நூலளவு ஏற்றி, அணைத்து, மறுபடி போடுங்கள். எல்லாம் ஒன்றாக எரிகிற இடம் வந்ததும் இன்னும் ஒரு நூல் ஏற்றி நிறுத்துங்கள். பிறகு கீசரைப் போட்டு, ரூம் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். அந்த வோல்டேஜ் இறக்கத்திலும் விளக்கு அணையாமல் இருக்க வேண்டும். கடைசியாக மெயினை இறக்கி, இன்வெர்ட்டரில் ஐந்து நிமிடம். செல்போனில் ஸ்லோ மோஷன் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத சிமிட்டலும் பட்டை பட்டையாகத் தெரியும்.

தகராறு செய்தால்

அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கினால் டிம்மர் வழியாகக் கசிகிற சொற்பக் கரண்ட் காரணம். டிம்மர் கம்பெனியே தருகிற பைபாஸ் மின்தேக்கியை விளக்கின் முனையில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இணைத்தால் பெரும்பாலும் நிற்கும். ஈரம் ஏறிய போர்டா என்றும் பாருங்கள்.

கீழே இறக்கும்போது மட்டும் சிமிட்டினால் லோடு போதவில்லை, அல்லது குறைந்தபட்சத் திருகு கீழே இருக்கிறது. எல்லா நிலையிலும் சிமிட்டினால் பல்பு டிம் ஆகாதது. மாலையில் மட்டும் என்றால் வோல்டேஜ். பவர்கட்டில் மட்டும் என்றால் இன்வெர்ட்டர். இரைச்சல் பல்பிலிருந்து வருகிறதா டிம்மரிலிருந்தா என்று காதை வைத்துக் கேளுங்கள், இரண்டுக்கும் பொதுவான மருந்து லீடிங் எட்ஜை எடுத்துவிட்டு ட்ரெய்லிங் எட்ஜ் போடுவது. டிம்மர் முகப்பு கை வைக்க முடியாத அளவு சுட்டால் உடனே அணைத்துக் கழற்றுங்கள்.

அலமாரி, கோவ் லைட்டுக்கான 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்குச் சுவர் டிம்மரை விட, பவர் சப்ளைக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே வைக்கிற பிடபிள்யூஎம் டிம்மர் (கரண்டை மிக வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கிற வகை) எளிது. மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால் 72 வாட், 6 ஆம்பியர். டிம்மர் 8 ஆம்பியருக்குக் குறையக் கூடாது, பவர் சப்ளை 90 வாட்டுக்குக் குறையக் கூடாது. வைஃபை பல்புக்கு எந்த டிம்மரும் வேண்டாம், அது உள்ளேயே தன்னை மங்கலாக்கிக்கொள்ளும், முழுக் கரண்ட் கொடுங்கள்.

ஒரு பல்பு, ஒரு டிம்மர் சோதித்துத் திருப்தியானதும் மீதிப் பல்புகளை ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள், கூட இரண்டையும் சேர்த்து. அதே பெயர், அதே வாட் போட்ட பல்புக்குள்ளேயே டிரைவரை மாற்றிவிடுவது உண்டு, இரண்டு வருடம் கழித்து ஒன்று போனால் கடையில் கிடைப்பது பழையதோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. பல்பு, டிம்மர் இரண்டின் மாடல் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி மெயின் போர்டின் கதவு உட்பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.